என் பக்கம் சரியாத்தான் இருந்துச்சு

உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், அங்க கேண்டீன் காத்தாடிக் காத்து எட்டாது. இங்கன வாங்க. ரிசப்ஷன்ல இருந்து போன் பண்ணினாங்க, சங்கரன்கோவில்ல இருந்து ஒருத்தர் வந்திருக்காரு, இசக்கியப்பனைப் பத்தி விசாரிக்கணுமாம்னு. எனக்கு உடனே விளங்கிருச்சு. மாப்பிள்ளை பாக்கிய. பொண்ணு உங்க தங்கச்சி மகளா? சந்தோஷம். அவனுக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுது, இனியாவது நடக்கட்டும்.

மாஸ்டர், ரெண்டு டீ. உங்களுக்குச் சீனி போடலாமில்ல?

முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். ஒருத்தன் கல்யாணத்தைக் கெடுக்குத பழக்கம் எனக்குக் கிடையாது. எங்க தெருவுல கேட்டுப் பாருங்க. நம்பிராஜன் வாயால ஒரு சம்பந்தம் முறிஞ்சுதுன்னு யாரும் சொல்ல முடியாது. அதனால இசக்கியைப் பத்தி நான் தப்பா ஒரு வார்த்தை பேச மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்லுதேன். எடை போடுதது உங்க பாடு.

குடிப்பானாவா? கிடையாது. ஊத்தி நீட்டினாலும் குடிக்க மாட்டான். சீட்டு, கீட்டு ஒண்ணும் கிடையாது. கெட்ட சகவாசமா? அவனுக்குச் சகவாசம்னு இருந்ததே நான் ஒருத்தன்தான். நாங்க ரெண்டு பேரும் மதுரையில ஒரே கம்பெனியில நெட்வொர்க் வேலை பாத்தோம். நான் முதல்ல இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வந்த சூட்டோட மேனேஜ்மெண்ட்ல சொல்லி அவனையும் இழுத்துக்கிட்டேன். கூடப் பிறந்தவன் கூடச் செய்ய மாட்டான். ஒரே பைக்லதான் வருவோம், போவோம். பைக் அவனோடது. பெட்ரோலும் அவன்தான் போடுவான். அது வேற விஷயம். என் வீட்டுக்காரிக்கு ரெண்டாவது பிரசவம் சிக்கலாகி ரத்தம் வேணும்னாங்க. அவன்தான் வந்து குடுத்தான். என் மகளைப் பாத்தா, இவ உடம்புல பாதி என் ரத்தம்பான். அதுவும் வேற விஷயம். நான் சொல்ல வாரது என்னன்னா, அப்படி இருந்தவன். அப்படி இருந்தவன் எனக்கு என்ன செஞ்சான்னு கேளுங்க.

உங்களுக்கு லாரி புக்கிங் ஆபீஸ்னு சொன்னிய. அப்ப இது சட்டுனு புரியும். கம்ப்யூட்டர் சமாச்சாரம்னு மலைக்காதிய. எல்லாம் ரோடும் வண்டியும்தான்.

அன்னா ஜன்னல் வழியாத் தெரியுதுல்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கட்டடம்? அது புது பிளாக். போன வருஷம் ஆடி முடிஞ்சு திறந்தாங்க. சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எல்லாம் அங்கதான். டாக்டர்மாரு எல்லாம் இந்தப் பக்கம், பழைய பிளாக்ல. அங்க எடுக்குத படம் இங்க டாக்டரோட கம்ப்யூட்டர்ல தெரியணும். அதுக்கு ரோட்டுக்கு அடியில குழாய் பதிச்சு வயர் இழுத்தோம். இந்த முனை என் சுவிட்ச்சுல. சுவிட்ச்னா லைட் போடுத சுவிட்ச் இல்ல அண்ணாச்சி. பத்து இருபது வயரை ஒண்ணாச் சேக்குத பெட்டி. அந்த முனை புது பிளாக்ல இருக்குத ரூட்டர்ல. அது அந்தக் கட்டடத்துச் சரக்கை எல்லாம் வாங்கி வழி காட்டி அனுப்புத பெட்டி. பழைய பிளாக் என் பொறுப்பு, புது பிளாக் அவன் பொறுப்பு. மேனேஜ்மெண்ட் அப்படிப் பிரிச்சுக் குடுத்தது. நான் கேக்கல.

இந்தப் பெட்டிகளை ரெண்டு விதமா வைக்கலாம். ஒண்ணு ஆட்டோ. வயரை மாட்டினதும் ரெண்டு பெட்டியும் தங்களுக்குள்ளயே பேசி முடிவு பண்ணிக்கிடும். உனக்கு எம்புட்டு வேகம் வரும், எனக்கு எம்புட்டு வரும், ஒரே நேரத்துல ரெண்டு திசையிலயும் போகலாமா, இல்ல ஒருத்தர் நின்னு ஒருத்தர் போகணுமான்னு. இன்னொண்ணு, நாமளே கையால வேகம் இன்னதுன்னு நிறுத்தி வைக்குதது. நான் எப்பவும் கையாலதான் வைப்பேன். வேகம் நூறு, போக்கு ஃபுல், அதாவது ரெண்டு திசையிலயும் ஒரே நேரத்துல. ஒருத்தர் நின்னு ஒருத்தர் போனா அதுக்குப் பேரு ஹாஃப். அதை யாரும் தொடக் கூடாது. ஒரு பெட்டி இன்னொரு பெட்டிகிட்டப் பேசி முடிவெடுக்குததுக்கு நான் எதுக்கு இருக்கேன்? என் வேலையை நான் அப்படித்தான் பாத்திருக்கேன், இத்தனை வருஷமா.

புது பிளாக் திறந்தாச்சு. பத்து நாள் போயிருக்கும், புகார் ஆரம்பிச்சுது. படம் வரமாட்டேங்குது. வந்தாலும் நத்தை மாதிரி வருது. மூளை டாக்டர் கிறிஸ்துதாஸ் இருக்காரே, அவரு நாற்காலியில உக்காந்துக்கிட்டு, பாதி மண்டை தெரியுது நம்பிராஜன், மீதி மண்டை எப்ப வரும்னு கேப்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நான் போய்ச் சுவிட்சைப் பாக்கேன். பச்சை விளக்கு எரியுது. இந்த முனையில இருந்து தட்டிப் பாக்கேன், அந்த முனை உடனே பதில் சொல்லுது. பில் போடுதாங்க, அது சரியா நடக்குது. மெயில் போகுது. பின்ன என்ன கோளாறுன்னு நான் கண்டேன்? என் பக்கம் சரியாத்தான் இருந்துச்சு.

அப்ப வயர்தான் தப்புன்னு முடிவு பண்ணினேன். வயர் இழுத்தது அந்தோணிசாமின்னு ஒரு காண்ட்ராக்டர். அவரைக் கூப்பிட்டு மறுபடி இழுக்கச் சொன்னேன். இழுத்தாரு. அப்பவும் அதே கதை. உம்ம வேலை லாயக்கில்லைன்னு சொல்லி அவரை நிறுத்தியாச்சு. இசக்கி வந்து, அண்ணே, அவர் வேலையில குறை இல்லை, நான் மீட்டர் வச்சுப் பாத்துட்டேன்னான். அந்தோணிசாமிக்குப் பரிஞ்சு பேசுதான், எனக்குப் பரிஞ்சு பேச அவனுக்கு வாய் வரல. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

பொறவு ஒரு நாள் என் ரூமுக்கு வந்தான். அப்ப எல்லாம் தினமும் வருவான், மத்தியானம் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். வந்து கேக்கான்:

"அண்ணே, உங்க சுவிட்ச்சுல நம்ம லைன் எப்படி வச்சிருக்கிய? கையாலயா, ஆட்டோவா?"

"என் பக்கம் சரியாத்தான் இருக்கு"ன்னேன்.

"சரியில்லைன்னு சொல்லலண்ணே. எப்படி இருக்குன்னு கேட்டேன். என் ரூட்டர்ல ஹாஃப்னு காட்டுது. வாரதும் போறதும் முட்டிக்கிடுத மோதல் கணக்கு ஏறிக்கிட்டே இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாப் போதும். நீங்க ஆட்டோவுல விடுங்க, இல்லைன்னா நான் கையால ஃபுல்லுன்னு வச்சுக்கிடுதேன். எது வேணும்னு சொல்லுங்க."

பாருங்க அண்ணாச்சி, எப்படிப் பேசுதான்னு. நயமாப் பேசுத மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ள என்ன அர்த்தம்? தப்பு உன் பக்கம்னு அர்த்தம். நான் சொன்னேன், "நீ உன் பெட்டியைப் பாரு. என் பெட்டியை எனக்குப் பாக்கத் தெரியும்"னு. சரிண்ணேன்னு சொல்லிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தான். அவங்க அம்மா குடுத்து விட்ட கூட்டாஞ்சோறு. எனக்குத்தான் முதல்ல வச்சான். அது வேற விஷயம்.

இன்னொரு தடவை சுவிட்ச்சோட பாஸ்வேர்டைக் கேட்டான். நான் ஒரு தடவை பாத்துக்கிடுதேண்ணே, எதையும் மாத்த மாட்டேன்னு. பாஸ்வேர்டுங்குதது என்ன சாதாரண விஷயமா? உங்க ஆபீஸ் பீரோ சாவியைப் பக்கத்து ஆபீஸ்காரன் கேட்டாத் தூக்கிக் குடுத்திருவியளா? நண்பன்னா நம்பணும். என் மேல நம்பிக்கை இருந்தா ஏன் பாக்கணும்னு கேக்கான்? நான் குடுக்கல. அதுக்கப்புறம் எனக்கு அவன்கூட உக்காந்து சாப்பிடப் பிடிக்கல. வேலை இருக்குன்னு சொல்லி நேரத்தை மாத்திக்கிட்டேன்.

நடுவுல மேலிடத்துல இருந்து நெருக்கடி. கோமதி மேடம், எங்க அட்மினிஸ்ட்ரேட்டர், ரொம்பக் கறாரானவங்க. ஸ்கேன் மிஷின் கம்பெனிக்காரன் மேல தப்புன்னு சொன்னேன். அந்தக் கம்பெனியில இருந்து ஒரு இன்ஜினியரை அனுப்புனாங்க. கோயம்புத்தூர் பையன். வந்து எல்லாத்தையும் பாத்தான். டீ குடிக்கப் போனப்ப என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னான்: "சார், உங்க சுவிட்ச்சுல மேனுவலா இருக்கு. அந்த ஒரு லைனை மட்டும் ஆட்டோவுக்கு மாத்திருங்க, சரியாப் போயிரும். நான் ரிப்போர்ட்ல எழுதல."

அவன் யோக்கியன் அண்ணாச்சி. தனியாக் கூப்பிட்டான் பாத்தியளா? நாலு பேர் முன்னால சொல்லல. மனுஷனுக்கு மனுஷன் தர வேண்டிய மரியாதை அதுதான்.

என்னது? இசக்கி சொன்னதும் அதேதானேன்னு கேக்கியளா? வார்த்தை ஒண்ணா இருக்கலாம். சொல்லுத ஆள் வேறல்ல? ஒருத்தன் வெளியில இருந்து வந்து சொல்லுததும் கூடவே இருக்குதவன் சொல்லுததும் ஒண்ணாகுமா?

சரி, கேளுங்க. மறுநா காலையில இசக்கி என் ரூம் வாசல்ல வந்து நிக்கான். அவனைப் பாத்ததும் நான் போனை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டேன். லைன்ல யாரும் இல்லை. அது அவனுக்குத் தெரியாதுல்ல. சும்மா ம்... ம்...னுக்கிட்டு இருந்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்னான். பொறவு மெதுவா, "அண்ணே, நீங்க கையாலதான் வச்சிருப்பியன்னு நெனைக்கேன், அதனால நம்ம லைனுக்கு என் பக்கமும்..."னு ஏதோ ஆரம்பிச்சான். நான் கையைக் காட்டினேன், அப்புறம் பாக்கலாம்னு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டான். மொதல்ல சொல்ல வந்தவன் முழுசாச் சொல்லணுமா வேண்டாமா? முழுசாச் சொல்லலைன்னா சொன்னதுக்கு என்ன அர்த்தம்? அதனாலதான் சொல்லுதேன், அவன் என்கிட்டச் சொல்லவே இல்லை. இதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரமாப் பாத்து, நான் என் சுவிட்ச்சுல அந்த லைனை ஆட்டோவுக்கு மாத்தினேன். யாருகிட்டயும் சொல்லல. என் பெட்டியை மாத்த நான் யாருகிட்டச் சொல்லணும்? பச்சை விளக்கு எரிஞ்சுது. தட்டிப் பாத்தேன், பதில் வந்துச்சு. சாப்பிடப் போயிட்டேன்.

இப்ப நீங்களே யோசிச்சுக்கிடுங்க. அவன் காலையிலயே அவன் பக்கத்தைக் கையால ஃபுல்லுன்னு நிறுத்திட்டான், எனக்கு ஒத்துப்போகணும்னு. நான் மத்தியானம் என் பக்கத்தை ஆட்டோவுல விட்டேன். அவன் பெட்டி இப்பப் பேசாது, கையால நிறுத்தினது பேசாது. என் பெட்டி பேசிப் பாத்து, பதில் வராம, சரி, இது குறுகலான பாலம் போல, நின்னு நிதானமாப் போவோம்னு ஹாஃபுக்கு இறங்கிருச்சு. அதாவது என் பக்கத்துப் பெட்டிக்கு அது ஒத்தை லாரி மட்டும் போகுத பாலம். எதுக்க வண்டி வந்தா நின்னு, பின்னால வந்து, மறுபடி போகணும். அவன் பக்கத்துப் பெட்டிக்கு அதே பாலம் நாலு வழிச் சாலை. பாக்காமக் கொள்ளாம லாரியை விட்டுக்கிட்டே இருக்கும். என்ன ஆகும்? நடுப் பாலத்துல மோதும். சரக்குக் கொட்டும். மறுபடி ஏத்தி அனுப்பணும். ஒண்ணு ரெண்டு வண்டி போகுத நேரத்துல தெரியாது. அதனாலதான் பில்லு போகும், மெயில் போகும். ஸ்கேன் படம்ங்குதது லாரி லாரியா வாரது. அப்பத்தான் அடைச்சுக்கிடும். முன்னாலயும் இதே கதைதான், என்ன, அப்ப நின்னுக்கிட்டு இருந்தது அவன் பெட்டி.

இதெல்லாம் பொறவு தெரிஞ்சது.

அதுக்கு ரெண்டாம் நாள் நல்ல மழை. ஐப்பசி மழை, சாயங்காலம் நாலு நாலரை இருக்கும். ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வந்தாங்க. வீட்டுக்காரர் வண்டியில பின்னால உக்காந்து வந்தவங்க, சேலை முந்தானை சக்கரத்துல மாட்டி, மண்டை ரோட்டுல அடிச்சிருச்சு. அங்க ஸ்கேன் எடுத்துட்டாங்க. கிறிஸ்துதாஸ் டாக்டர் இங்க ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல கம்ப்யூட்டர் முன்னால நிக்காரு. ரத்தம் எங்க கட்டியிருக்குன்னு படத்தைப் பாத்தாத்தான் எங்க திறக்கணும்னு தெரியும். படம் வரல. வருது, பாதியில நிக்குது, மறுபடி முதல்ல இருந்து வருது. என்னைக் கூப்பிட்டாங்க. நான் ஓடினேன். பச்சை விளக்கு எரியுது அண்ணாச்சி. சத்தியமாச் சொல்லுதேன், பச்சை விளக்கு எரியுது. நான் அந்த விளக்கையே பாத்துக்கிட்டு நிக்கேன்.

டாக்டர் அதுக்கு மேல நிக்கல. தியேட்டர் உடுப்போட, கால்ல செருப்பு இல்லாம, படியில இறங்கி மழைக்குள்ள ரோட்டைத் தாண்டி அந்தப் பிளாக்குக்கு ஓடினாரு. அங்கயே படத்தைப் பாத்துட்டுத் திரும்பி ஓடி வந்தாரு. அந்த அம்மாவோட வீட்டுக்காரர் வராண்டாவுல நிக்காரு, சட்டையெல்லாம் நனைஞ்சு ரத்தமும் தண்ணியுமா. டாக்டர் எதுக்கு இப்படி ஓடுதாருன்னு என்னைக் கேக்காரு.

அந்த அம்மா பிழைச்சுட்டாங்க. நல்லா நடமாடுதாங்க. போன மாசம் செக்கப்புக்கு வந்தாங்க, நான் தூரத்துல நின்னு பாத்தேன். பிழைச்சதுனாலதான் நான் இன்னைக்கு உங்ககிட்ட உக்காந்து இதைப் பேசுதேன். இல்லைன்னா பேச மாட்டேன்.

மறுநா மீட்டிங். கோமதி மேடம் ரூம். டாக்டர் இருக்காரு, நான் இருக்கேன், இசக்கி இருக்கான். டாக்டர் சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. மேடம்தான் கேட்டாங்க, "ஒரு வயரு, ரெண்டு பெட்டி. மூணு மாசமா என்னதான் நடக்குது?"

நான் ஆரம்பிச்சேன். வயர்ல பிரச்சினை இருந்துச்சு மேடம், மிஷின் கம்பெனிக்காரன் சரியா...ன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். மேடம் கையைக் காட்டி நிறுத்திட்டு இசக்கியைப் பாத்தாங்க. "நீங்க சொல்லுங்க."

நான் அவனைப் பாத்தேன் அண்ணாச்சி. கண்ணாலயே சொன்னேன், வயருன்னு சொல்லிருலே, முடிஞ்சு போயிரும்னு. எத்தனை வருஷப் பழக்கம். மதுரையில ஒரே பாயில படுத்திருக்கோம். ஒரு வார்த்தை போதும். ரோட்டுக்கு அடியில மழைத் தண்ணி இறங்கிருச்சுன்னு சொன்னா யாரு தோண்டிப் பாக்கப் போறா?

அவன் என் கண்ணைப் பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டான். குனிஞ்சபடியே சொல்லுதான்: "வயர் நல்லாத்தான் இருக்கு மேடம். அந்தோணிசாமியண்ணன் மேல குறை இல்லை. ரெண்டு முனையும் வேற வேற மாதிரி இருந்துச்சு. ஒண்ணு ஆட்டோவுல, ஒண்ணு கையால வச்சது. நான் என் பக்கத்தை மாத்தினேன், அண்ணன் அதே நாள் அவரு பக்கத்தை மாத்திட்டாரு போல. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடல. அதுதான் தப்பு. அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா அதுக்கு நாங்க ரெண்டு பேருந்தான் பொறுப்பு."

நாங்களாம்! கேட்டியளா? நாங்க! அவன் போறதோட என்னையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போறான். தப்பு நடந்துச்சு, சரி. ரெண்டு பேர்ல ஒருத்தன் மேல போட்டா ஒருத்தனாவது தப்பிப்பான்ல? என் மேல தப்புன்னு சொல்லியிருந்தாக்கூட நான் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன், எதிரின்னு நெனைச்சிட்டுப் போயிருப்பேன். நாங்கன்னு சொன்னான் பாருங்க, அதுதான் எனக்கு ஆறல.

மேடம் அங்கயே என்னைச் சுவிட்ச்சைத் திறந்து காட்டச் சொன்னாங்க. பாஸ்வேர்டு போட்டுத் திறந்தேன். திரையில ஹாஃப்னு கொட்டை எழுத்துல நிக்குது. அதுக்குக் கீழ மோதல் கணக்கு, பெரிய எண்ணு. அதை ஒரு தடவை நான் திறந்து பாத்திருந்தா... சரி, விடுங்க. பச்சை விளக்கு எரியும்போது யாரு அதை எல்லாம் திறந்து பாக்கா? இசக்கி போய் அவன் பக்கத்தையும் ஆட்டோவுக்கு மாத்திட்டு வந்தான். ரெண்டும் பேசிக்கிடுச்சு. டாக்டர் பழைய படம் ஒண்ணை வரவழைச்சுப் பாத்தாரு. கண் மூடித் திறக்குததுக்குள்ள முழு மண்டையும் வந்துருச்சு. டாக்டர் எந்திரிச்சுப் போயிட்டாரு.

அதோட என் சோலி முடிஞ்சுது. பாஸ்வேர்டை எல்லாம் இசக்கிகிட்டக் குடுக்கச் சொல்லிட்டாங்க. அவனை ரெண்டு பிளாக்குக்கும் பொறுப்பாப் போட்டாங்க. அவன் வேண்டாம்னுதான் சொன்னானாம், அண்ணனையே வச்சுக்கிடுங்க, நான் கூட இருந்து பாத்துக்கிடுதேன்னானாம். நடிப்பு. எனக்கு இப்பக் கேமராவும் இன்டர்காமும். எந்த வார்டுல மணி அடிக்கலைன்னாலும் நம்பிராஜனைக் கூப்பிடு. அந்தோணிசாமியைத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க. அவரு என்னைப் பாத்தா இப்பவும் வணக்கம் சொல்லுதாரு. அது எனக்கு இன்னும் எரிச்சலா இருக்கு.

அன்னைக்குச் சாயங்காலம் இசக்கி எங்க வீட்டுக்கு வந்தான். நான் மொட்டை மாடிக்கு ஏறிட்டேன். கீழ என் வீட்டுக்காரி காப்பி குடுக்கா, என் மகளுக்கு அவன் ஏதோ கணக்குச் சொல்லிக் குடுக்கான், சத்தம் கேக்குது. ரொம்ப நேரம் இருந்தான். நான் இறங்கல. பொறவு வண்டி கிளம்புத சத்தம் கேட்டுச்சு. என் வீட்டுக்காரி மேல வந்து, "உங்களுக்கு என்னதான் கோளாறு?"ன்னு கேட்டா. பாத்தியளா, என் வீட்டுக்குள்ளயே என்னை அந்நியனாக்கிட்டான்.

இப்ப நான் பஸ்லதான் வாரேன். அவன் தினமும் காலையில எங்க தெருமுனையில வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறானாம். என் மக சொல்லுதா. நிறுத்தட்டும். ரோடு எல்லாருக்கும் பொதுதான.

இவ்வளவுதான் அண்ணாச்சி. நான் தப்பா ஒண்ணும் சொல்லலல்ல? நடந்ததைத்தான் சொன்னேன். நாளைக்கே உங்க வீட்டுப் பொண்ணு ஏதோ ஒரு சின்னத் தப்புப் பண்ணிட்டு, மாமியார் முன்னால இவனைப் பாக்குதான்னு வைங்க, ஒரு வார்த்தை மாத்திச் சொல்லுங்கன்னு கண்ணைக் காட்டுதான்னு வைங்க. இவன் சொல்ல மாட்டான். நிச்சயமாச் சொல்ல மாட்டான். அதை யோசிச்சுக்கிடுங்க.

என்ன, சிரிக்கிய?

எந்திரிக்காதிய, டீயைக் குடிச்சிட்டுப் போங்க. ஆமா, நான் கேக்கவே இல்லை, ரிசப்ஷன்ல யாரு என் பேரைச் சொன்னா? கேமரா பாக்குத ஆளை யாருக்குத் தெரியும்? அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணா?

யாரு?

அவனா?

இசக்கியே சொன்னானா? அவன் ஏதோ தப்பாச் சொல்லியிருப்பான், நீங்க தப்பாக் கேட்டிருப்பிய. இந்த ஆஸ்பத்திரியில இருநூறு பேர் இருக்காங்க, அவனை மெச்சுதவங்க. மேடம் இருக்காங்க, டாக்டர் இருக்காரு. அவங்களை விட்டுட்டு...

என்ன சொன்னான்? அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க.

"மத்தவங்க நல்லதை மட்டும் சொல்லுவாங்க. நம்பியண்ணன்கிட்டக் கேளுங்க, அவரு எதையும் ஒளிக்காமச் சொல்லுவாரு. என்னை அவருக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது." இப்படியா சொன்னான்?

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. புகை. அடுப்புப் புகை. இந்த மாஸ்டர் எப்பவும் இந்தக் கதவைத் திறந்து போட்டிருவாரு.

பாத்தியளா அண்ணாச்சி? பாத்தியளா அவன் செஞ்ச வேலையை? இதுக்கு மேல ஒருத்தன் ஒருத்தனுக்குத் துரோகம் பண்ண முடியுமா? யாருகிட்ட வேணாலும் அனுப்பியிருக்கலாம். என்கிட்ட அனுப்பியிருக்கான். இனி நான் என்ன சொன்னாலும் அது அவன் சொன்ன மாதிரி ஆயிருச்சு. நான் அவனைப் பத்தி மனசு விட்டு ஒரு குறை சொல்லக்கூட இடமில்லாமப் பண்ணிட்டானே.

உக்காருங்க. இன்னும் கொஞ்சம் உக்காருங்க. பொண்ணுக்கு அவனைப் பிடிச்சிருக்கா? போட்டோ பாத்தாளா? போட்டோவுல அவன் முழிச்சுக்கிட்டு நிப்பான், நேர்ல அப்படி இல்லை. அதைச் சொல்லுங்க. தேதி எல்லாம் எப்ப பாக்கிய? தை மாசமா? தையில அவங்க அம்மாவுக்கு மூச்சு இழுப்பு அதிகமா இருக்கும், பங்குனி முடியட்டும்னு சொல்லுங்க. நான் வர மாட்டேன். என்னை எதிர்பாக்காதிய. நான் சொன்னேன்னும் அவன்கிட்டச் சொல்ல வேண்டாம்.

இன்னொண்ணு. இதை மறக்காம உங்க தங்கச்சி மககிட்டச் சொல்லிருங்க. அவன் பசிக்குதுன்னு வாய் திறந்து சொல்ல மாட்டான். சாப்பிட்டாச்சான்னு கேட்டா, ஆச்சும்பான். வேலை மும்முரத்துல இருந்தா காலையில இருந்து வெறும் வயிறாத்தான் இருப்பான், ஆனா ஆச்சும்பான். எனக்குத் தெரிஞ்சு அவன் சொல்லுத ஒரே பொய் அதுதான். அதனால அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுங்க, கேக்கக் கூடாது. தட்டை வச்சுச் சோத்தைப் போட்டிரணும்.